காட்டுக்குள்ளிருந்து வந்த பதில்

முதல் ஸ்மார்ட்போன் வாங்கிய வருடம், ஆக்லாந்துக்கு வடக்கே ஒரு சின்னத் தீவுக்குப் பறவை பார்க்கப் போனோம். மாலையில் காட்டோரம் நின்று, போனில் பதிந்து வைத்திருந்த பறவைக் குரலைப் போட்டேன். உள்ளேயிருந்து அதே குரல் பதில் சொன்னது.

“கிட்டத்தான் நிக்குதப்பா,” என்றாள் மனைவி. விடாமல் பத்துத் தரம் போட்டேன். பத்துத் தரமும் பதில் வந்தது.

எங்களுக்கு அறை தந்த தீவுக்காரப் பெண் பின்னால் வந்து நின்றார். “இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அது கூட்டை விட்டுப் போய்விட்டது. இரண்டு வருடமாக இங்கே அந்தப் பறவை இல்லை.”

“அப்ப பதில் சொல்லுறது?”

“உங்களைப் போல வந்து காட்டின் மறுபக்கம் நிற்பவர்களின் போன். தினமும் மாலையானால் நாங்கள் ஜன்னலைச் சாத்திவிடுவோம்.”

நான் நிறுத்திவிட்டேன். காட்டுக்குள் அது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

இப்போதும் ஆக்லாந்தில், எங்கள் மவுண்ட் ரோஸ்கில் வீட்டருகே ஒரு பறவை கத்தினால், யார் கையில் போன் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.