அண்ணனின் நட்சத்திர மீன்கள்

அண்ணிதான் தொட்டியில் எதையோ கலக்குகிறார் என்று நினைத்தேன். வேறு யார் கலக்கப் போகிறார்கள்?

அண்ணன் லாரி டிரைவர். அரியலூரிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் சிமென்ட் லோடு ஏற்றிப் போவான். திரும்பும்போது கேன் கேனாகக் கடல் தண்ணீரும் பவளக் கல்லும் கொண்டுவந்தான். கூடவே இரண்டு நட்சத்திர மீன்கள். கண்ணாடித் தொட்டியும் காற்று விடும் சின்ன மோட்டாரும் திருச்சியில் வாங்கினான். பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தது.

"கடல் வத்திச் சிப்பியெல்லாம் கல்லாப் போன ஊருல இவன் வூட்டுக்குள்ள கடல் வச்சிருக்கான்டி!"

பாடாலூர் பக்கத்தில் லாரி கவிழ்ந்து அண்ணன் போய்விட்டான். அவன் கொண்டுவந்ததில் உயிரோடு இருந்தவை அந்த மீன்கள்தான். காரியம் முடிவதற்குள் அதிலும் ஒன்று செத்தது. கண்ணாடியைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்து, மணலில் விழுந்து கிடந்தது. தண்ணீர் கலங்கி, புளித்த வாடை அடித்தது.

"இந்தத் தொட்டி வந்ததுலேர்ந்தே வூடு நல்லால்ல" என்று அண்ணி ஒருமுறை சொல்லியிருந்தார். அதனால் பினாயில் டப்பாவை ஒளித்து வைத்தேன். அவர் தொட்டிப் பக்கம் போனாலே எட்டிப் பார்த்தேன். அவர் முந்தானையை முகர்ந்துகூடப் பார்த்தேன். கடல் வாடை அடித்தது.

ஒரு மத்தியானம் முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டிருந்தார்.

"என்னத்த போடுறீங்க அண்ணி? இருக்குற ஒன்னையும் கொல்லணுமா?"

அவர் கையை விரித்தார். ஊறிப்போன சோறு.

"போடல, எடுக்குறேன். கத்தாத, உங்கம்மா படுத்திருக்காங்க."

"சோறா? யாரு போட்டா?"

"அத்தைதான். கூரையில வச்ச சோத்தக் காக்கா தொடலையாம். உங்கண்ணன் ஆசையா வளத்ததாச்சும் திங்கட்டும்னு தெனமும் போடுறாங்க. தீட்டு வூட்டுல கவுச்சி ஆவாதுன்னு அதுக்குப் போடுற எறாலையும் நிறுத்தியாச்சு. அது என்னா பண்ணும்?"

எனக்கு அப்போதும் முழுசாக நம்பிக்கை வரவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா நீ?"



சாயங்காலம் திருமானூரிலிருந்து வரும் மீன்காரம்மாவிடம் கொள்ளிடத்து இறால் கொஞ்சம் வாங்கினேன். வாசலிலேயே அம்மா மறித்தாள்.

"காரியம் முடியல, அதுக்குள்ள கவுச்சியா? புத்தி கெட்டுப்போச்சாடி?"

"நமக்கில்லம்மா, அதுக்கு. அண்ணன் ஒருநாளும் அதுக்குச் சோறு போட்டதில்ல. சோறு போட்டுத்தான் தண்ணி கெட்டுப்போச்சு. இதுவும் செத்துடும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலை குனிந்துகொண்டார். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, நான் கிள்ளிக் கொடுத்த இறாலைத் தானே தொட்டிக்குள் போட்டாள்.

வெகு நேரம் அது அசையவே இல்லை. பிறகு ஒரு கை மெல்ல நீண்டது. ஊர்ந்து வந்து இறால்மேல் கவிழ்ந்து படுத்தது.

"திங்கிறானாடி?" என்றாள் அம்மா.

"திங்குது அத்தை" என்றார் அண்ணி.

மறுநாள் அம்மா சோற்றைக் கூரையில் மட்டும் வைத்தாள்.