காலை ஊன்றி நில்லுங்கோ

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் செல்வம் அண்ணையை அவருடைய வீட்டில் பார்த்துவிட்டு, டிராம் நிறுத்தத்துக்குப் பாதித் தூரம் நடந்துவிட்டேன். சொல்லப் போனதைச் சொல்லாமலே எழும்பி வந்திருந்தேன்.

டூட்டிங்கில் அவருடைய சாப்பாட்டுக் கடைக்குப் போகும்போதெல்லாம், லண்டனுக்கு வருமுன் நேபாளத்து ஆறுகளில் ராஃப்ட் ஓட்டியதாக அளப்பேன். பள்ளியை இடையில் விட்டவனுக்கு வேறென்ன பெருமை? கேட்டுக் கேட்டு அவருக்கும் அந்த ரப்பர் படகில் ஏற ஆசை வந்தது.

"தண்ணிக்குள்ள விழுந்தா என்னடா செய்யிறது?"

"காலை ஊன்றி எழும்பி நில்லுங்கோ அண்ணை."

நேபாளத்துக்கே போனார். ராஃப்ட் கவிழ்ந்தது. எழும்பி நின்றார். கால் பாறை இடுக்கில் சிக்க, வெள்ளம் தள்ளியதில் எலும்பு முறிந்தது.

"மல்லாந்து மிதக்கச் சொல்லி ராஃப்ட் ஓட்டின நேபாளப் பெடியன் படிச்சுப் படிச்சுச் சொன்னவன்," என்று இன்று என்னிடம் சிரித்தார். "நான்தான் கேக்கேல்லை. நீ எங்கட ஆளெல்லே, உனக்குத் தெரியாததோ எண்டு நினைச்சன்."

அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டு டிராம் ஏற முடியவில்லை. திரும்பினேன்.

"அண்ணை, நான் ராஃப்டில ஏறினதே இல்லை. ஆத்தங்கரையில ராஃப்ட்காரரின்ர முகாமில சமைச்சனான்."

கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சமைச்சதாவது உண்மையோ?"

"ஓம்."

"அப்ப விடிய வந்து கடை அடுப்படியில நில். எனக்கு நிக்க ஏலாது."

திட்டியிருந்தால் வேறு ஊருக்குப் போயிருப்பேன். அது எனக்குப் பழக்கம். மறுநாள் காலை அவருடைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, அவர் நிற்கும் இடத்தில் நின்று தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தேன்.