இடது ஓரம் ஓடிய பஷீர் அகமது

பாலக்கரையில் போய் பஷீர் அகமது என்று கேட்டால் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஐம்பதுகளின் கடைசியில் கேட்டிருக்க வேண்டும். "யாரு, லெப்ட் அவுட்டு பஷீரா?" என்று திருப்பிக் கேட்டு, வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டிருப்பார்கள். பந்தை இடது ஓரத்துக் கோட்டோடு ஒட்டி எடுத்துக்கொண்டு ஓடுவான். கோட்டைத் தாண்டிப் போயிற்று என்று கூட்டம் கத்தும். போயிருக்காது. எங்கள் தெருப் பையன்கள் வைத்திருந்த கால்பந்துக் குழுவில் ஆடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மற்ற பத்துப் பேரும் பந்துக்குப் பின்னால் ஓடுகிறவர்கள். அந்தப் பத்தில் முதல் ஆள் நான். பெயர் காஜா மைதீன், பெரிய கடை வீதியில் வளையல் கடை, வாய் சும்மா இருக்காது என்று ஊரில் பெயர் வாங்கியவன்.

பஷீருக்கு அத்தாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கட்டிக்கொடுத்த இரண்டே வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்துத் திரும்பி வந்த அக்கா சுராயாதான் அவனை வளர்த்தாள். அவன் கல்லுப் பட்டறையில் சாணைச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டிக்கொண்டிருந்தான். நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை. சாயங்காலம் மைதானத்துக்கு வந்தால்தான் அவனுக்குக் கால் இருப்பதே ஞாபகம் வரும் என்பான். ஆள் ஒல்லி. "இவனை ஊதினாப் பறந்துடுவான்டா" என்று எதிர்க்குழுக்காரர்கள் சொல்வார்கள், முதல் கோல் விழும் வரைக்கும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒரு நாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடித்த கையோடு, பயிற்சிக்குக் கூப்பிட அவன் வீட்டுக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. சுராயா அக்கா அடுப்படியில் குந்தி, சின்ன ஸ்பிரிட் விளக்கின் மேல் ஒரு கண்ணாடிக் குழாயைப் பிடித்துச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த நீலத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறியது.

"என்னக்கா, அத்தர் காய்ச்சுறீங்களா? வாசனையைக் காணோமே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "உள்ள வா காஜா. கதவைச் சாத்து" என்றாள்.

அன்றைக்குத்தான் தெரிந்தது. பஷீருக்குப் பதினாலு வயதிலிருந்து இனிப்பு நீர். கிழவர்களுக்கு வருகிற மாதிரி மாத்திரையோடு போகிறது இல்லை. தினமும் ஊசி போட்டால்தான் உயிர். ஊசி மருந்துக் குப்பியைத் துணியில் கட்டித் தண்ணீர்ப் பானைக்குள் தொங்கவிட்டிருந்தாள். காலையில் அவன் மூத்திரத்தை எடுத்து அந்த நீல மருந்தோடு சூடு காட்டிப் பார்ப்பாள். நீலமாகவே இருந்தால் மூத்திரத்தில் சர்க்கரை இல்லை, செங்கல் நிறம் வந்தால் ஏகத்துக்கு இருக்கிறது என்று கணக்கு.

"வெளில தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றாள். "எனக்கு நீ ஒண்ணே ஒண்ணு செய். கல்யாணம், பெருநாள்னு நாலு எடத்துக்குச் சேந்து போறீங்க. இனிப்பு அவன் வாயில படாம பாத்துக்க. அது அவனுக்கு வெஷம்."

அல்லா மேல் ஆணையாகச் சொல்லமாட்டேன் என்றேன். என் வாயை நம்பி ஒருத்தி இவ்வளவு பெரிய ரகசியத்தைக் கொடுத்தது எனக்குப் பெருமையாக இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அதைக் காப்பாற்றவும் செய்தேன். கல்யாண வீட்டில் அவன் இலையில் பூந்தி விழுந்தால் அடுத்த நொடி அது என் இலையில் இருக்கும். பெருநாளன்று வீடு வீடாகப் பாயசம் வரும்; அவன் பங்கையும் சேர்த்து நானே குடிப்பேன். "காஜாவுக்கு என்னடா இவ்வளவு நாக்கு" என்று தெருவே கேலி செய்தது. செய்யட்டும் என்று விட்டேன்.

இந்த நோயோடு அவன் எப்படி ஆடினான் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போனது. வைத்தியர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த நோய்க்காரனை ஓடாதே, ஆடாதே, படுத்துக்கிட என்று சொன்ன காலம். அவனைப் பார்த்த டாக்டர் மட்டும், "ஓடு, உடம்புக்கு நல்லது. ஆனா யோசிச்சு ஓடு" என்றாராம். ஓடுகிற உடம்பு சர்க்கரையைத் தானாகவே எரித்துவிடும். அதற்கு மேல் ஊசியும் சேர்ந்தால் இரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். அதனால் பந்தயம் இருக்கிற நாளில் காலை ஊசியைக் கொஞ்சம் குறைத்துப் போட்டுக்கொள்வான். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வயிறு நிறையச் சாப்பிடுவான். புறப்படும்போது இன்னொரு தடவை சூடு காட்டிப் பார்ப்பான். செங்கல் நிறம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, எங்களிடம் கணுக்கால் சுளுக்கு என்பான். "பெரிய நவாபு, நெனச்சா சுளுக்கும்" என்று அவனை எத்தனை தடவை ஏசியிருக்கிறேன்! டிராயர் பையில் ஒரு கற்கண்டுப் பொட்டலம் எப்போதும் இருக்கும். படபடப்போ வேர்வையோ கண்டால் உடனே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவு ஒழுங்காக இருந்தவன் அவன். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த சங்கதி.

அறுபதில் பொன்மலையில் ஒரு பந்தயம். இடைவேளையில் அவன் அந்தப் பக்கம் திரும்பி நின்று எதையோ மெல்வதைப் பார்த்தேன். கையைப் பிடித்து விரித்தால் கற்கண்டு. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"அக்கா அங்க உயிரைக் குடுத்துப் பாத்துக்குது, நீ திருட்டுத்தனமா முழுங்குறியா?"

"டாக்டர் சொன்னதுடா மாப்ளே" என்று சிரித்தான்.

குடிகாரன்கூட டாக்டர் சொன்னார் என்றுதான் சொல்வான் என்று திட்டிவிட்டு, அன்று சாயங்காலமே போய் அக்காவிடம் கோள் சொன்னேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "சரி, நான் கேட்டுக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். தம்பி மீது கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபத்தொன்று கடைசியில் அவனுக்குப் பெண் அமைந்தது. மன்னார்புரத்துப் பெண், வஹீதா. நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ் என்று பேசி முடித்தார்கள். பஷீர் தரையில் நடக்கவில்லை. பெண் வீட்டாரிடம் சொல்லிவிடலாம் என்று அவனுக்கு உள்ளூர ஆசை, அக்கா விடவில்லை.

அந்த மார்கழியில், வைகுண்ட ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்னால், ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு மைதானத்தில் பந்தயம். சட்டைகளைக் கழற்றி ஒரு வேப்பமரத்தடியில் குவித்துவிட்டு டிராயர் மாற்றிக்கொண்டோம். பஷீர் முகம் கழுவப் போயிருந்தான். அவன் டிராயர் என் கைக்கு எட்டுகிற இடத்தில் கிடந்தது. பையைத் தடவினேன். பொட்டலம் இருந்தது. மாப்பிள்ளை ஆகப்போகிறவன், இப்போதுகூடவா என்று எரிச்சலோடு அதை எடுத்துப் புதருக்குள் வீசினேன். நல்லது செய்கிறேன் என்ற எண்ணம்தான். சத்தியமாக அதுதான்.

முதல் பாதியில் அன்றைக்கு அவன் ஆடியதைப்போல நான் பார்த்ததில்லை. இரண்டு கோல். ஒரு நிமிஷம் நிற்கவில்லை. இடைவேளையில் பைக்குள் கையை விட்டவனின் முகம் மாறியது.

"காஜா, எடுத்தியா? விளையாடாதேடா, குடு."

"தேடு, தேடு. கெடைக்காது."

"டேய், எனக்கு அது வேணும்டா."

"நிக்காஹ் அன்னைக்கு ஒரு தட்டு லட்டு நானே ஊட்டுறேன், இப்ப ஓடு" என்றேன். பக்கத்தில் பையன்கள் நின்றார்கள். அவன் அவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். விசில் ஊதிவிட்டது.

பத்து நிமிஷம் கழித்து அவன் பந்தை எதிராளியின் காலில் கொண்டுபோய்க் கொடுத்தான். பிறகு நடு மைதானத்தில் நின்றுகொண்டு காரணமில்லாமல் சிரித்தான். பனியன் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கூட்டம் ஊளையிட்டது. "மாப்ளைக்கு இப்பவே மயக்கமாடா?" என்று நானும் கத்தினேன். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்து அவன் மடங்கி உட்கார்ந்தான், அப்படியே சாய்ந்தான்.

சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. மைதானத்து ஓரம் தள்ளுவண்டியில் சர்பத் விற்றுக்கொண்டிருந்த அழகிரி என்பவர் ஒரு தம்ளர் நன்னாரி சர்பத்தோடு ஓடி வந்தார். "நகருங்க, நகருங்க. ரெண்டு வாய் உள்ள போனாக் கண்ணைத் தெறந்துடுவாரு" என்று பஷீரின் தலையைத் தூக்கிப் பிடித்தார். அவனுக்கு அப்போது முழுதாக நினைவு போகவில்லை. அவன் கை தம்ளரை நோக்கி மெதுவாக நீண்டது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் தட்டிவிட்டேன். "இவனுக்கு இனிப்பு ஆகாதுங்க! குடுத்துடாதீங்க!" என்றேன். தம்ளர் மண்ணில் உருண்டது. அழகிரி என்னை ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. யாரோ வலிப்பு என்றார்கள், யாரோ சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் திணித்தார்கள். ஜட்கா ஒன்றைப் பிடித்து அவனைத் தூக்கிப்போட்டுக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பினோம். காவிரிப் பாலத்தில் ஏகாதசிக்கு வருகிற ஜனம் எதிரே வந்துகொண்டிருந்தது. மாட்டு வண்டியும் பஸ்ஸும் மூட்டை முடிச்சுமாகப் பாலம் அடைந்து கிடந்தது. வண்டிக்காரர் இறங்கிக் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு கெஞ்சிக் கெஞ்சி நடத்தினார். ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவன் தலை என் மடியில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் நான் இனிப்பு நீர் என்று சொன்னதும் டாக்டர் அவசரமாக, "இனிப்பு ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க டாக்டர். ஒரு சொட்டு விடலை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, நரம்பில் ஏற்றுவதற்குக் குளுக்கோஸ் கொண்டுவரச் சொல்லி நர்ஸைப் பார்த்துக் கத்தினார். பிறகு வெளியே வந்து, சர்க்கரை ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து, இறங்கினால் அந்த நிமிஷமே கொடுக்க வேண்டும் என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். அவர் என்னை அறைந்திருக்கலாம்.

மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் மவுத்தாகிவிட்டான். இருபத்துநாலு வயது.

ஜனாஸாவுக்கு வந்தவர்கள் எல்லாரும், "அவன் ஹயாத்து அவ்வளவுதான், யார் என்ன செய்ய முடியும்?" என்றார்கள். என் தோளில் தட்டி எனக்கும் அதையே சொன்னார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆயுசு அவ்வளவுதான் என்கிற அந்த வார்த்தைக்குள் போய் ஒளிந்துகொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. நாற்பது நாளும் அந்த வீட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. எப்படியும் அக்கா காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அவள் வாயால் நாலு வார்த்தை ஏச்சு வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பின்கட்டில் சேமியா பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவனுக்கு அது உயிராம். பத்து வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவனுக்காக இனிப்பு காய்ச்சுகிறாள்.

நான் வாயைத் திறக்கும் முன் அவளே சொன்னாள். "நேத்து ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. சர்பத் வண்டிக்காரராம். வீட்டை விசாரிச்சுக்கிட்டு வந்து அழுதுட்டுப் போறாரு."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கற்கண்டை எடுத்து வீசியது முதல் தம்ளரைத் தட்டிவிட்டது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் கை நீண்டதையும் சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் அவனை ஆட விட்டதே ஒரு நிபந்தனை மேலதான் காஜா" என்றாள். "கூட ஆடுறவன் ஒருத்தனுக்காவது, விழுந்தா என்ன செய்யணும்னு சொல்லி வைக்கணும்னாரு. 'காஜாகிட்டச் சொல்லிடுறேன்க்கா'ன்னு அவன் எத்தனை தடவை கேட்டிருப்பான். இனிப்பு நீருன்னு தெரிஞ்சாக்கூட ஊரு மன்னிச்சுடும், விழுவான்னு தெரிஞ்சா வலிப்புக்காரன்னு பேரு வச்சிடும்னு நான்தான் ஆணையிட்டுத் தடுத்தேன். நிக்காஹ் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கன்னேன். நீ கற்கண்டுன்னு வந்து சொன்னியே, அன்னைக்காவது சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. உன்கிட்டப் பாதியைச் சொல்லிக் காவலுக்கு வச்சேன். நீ நான் சொன்னபடிதான் காத்தே."

நான் ஏதோ சொல்லப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைத் திட்டு காஜா. வர்றவங்க எல்லாம் ஹயாத்துங்கிறாங்க. நீயாவது என்னை ரெண்டு வார்த்தை திட்டு."

நாற்பது நாளாக நான் அவளிடம் கேட்க நினைத்ததும் அதுதான். எனக்கு அழுகைதான் வந்தது. கூடத்தில் பாத்திஹா ஓதத் தொடங்கிவிட்டார்கள். பாயசத்தைக் கேட்டு யாரோ இரண்டு தடவை குரல் கொடுத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.