கொக்கியே எர்த்து

பந்தல்குடி இன்பராஜ் ஷெட்டைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டார் என்று அருப்புக்கோட்டை டீக்கடை ஒன்றில் கேள்விப்பட்டேன். அவர் வயரிங் செய்து கொடுத்த வேன் தீப்பிடித்துக்கொண்டதாம். அன்றைக்கே திருச்சுழிக்குப் போனால் தீ இல்லை. வேன் ஒரு பஸ்ஸின் மேல் மோதியிருந்தது. காரியாபட்டிக்குப் போனால் பஸ்தான் வேனின் மேல் மோதியிருந்தது. மூன்று ஊரும் ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்றை: இன்பராஜ் ஓடிவிட்டார்.

பந்தல்குடிக்குப் போனேன். பூட்டு உண்மை. பூட்டுக்கு மேலே பலகையும் உண்மை: 'இன்பராஜ் ஆட்டோ எலெக்ட்ரிக்கல்ஸ். இங்கே பார்த்த வண்டி அதே கோளாறோடு திரும்பி வராது.' எதிரே வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த கருத்தம்மாளிடம் கேட்டேன்.

"ஓடுறதுக்கு அவுகளுக்கு முட்டி எங்க இருக்கு? அருப்புக்கோட்டைக்கு, அந்த வேன்காரரு வீட்டுக்குப் போயிருக்காக. பஸ்ஸுல."

"பஸ்ஸிலா?"

"அதத்தான நாங்களும் பாத்துக்கிட்டு நின்னோம். இருவத்து மூணு வருசமா வண்டிதான் அவுகளத் தேடி வரும். அவுக வண்டியத் தேடிப் போயி இன்னைக்குத்தான் பாக்கேன்."

இன்பராஜுக்கு ஐம்பத்தொரு வயது. தூத்துக்குடியில் ஒரு லாரிப் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டு வந்து, தூத்துக்குடி ரோட்டின் மேலேயே ஷெட் போட்டவர். மீட்டர் வைத்துப் பார்ப்பவர்களை அவர் மதிப்பதில்லை. ஒரு சின்ன பல்பில் இரண்டு வயரைச் சுற்றி வைத்திருக்கிறார். எந்தக் கோளாறும் அந்த பல்புக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் வீட்டு வாசல் விளக்கே ஒரு லாரியின் பின்விளக்கு. சிவப்பாக எரிவதால், தெருவில் வருகிற பைக்குகள் எல்லாம் அவர் வீட்டருகே தாமாகவே வேகத்தைக் குறைக்கும். மனைவி அருஞ்சுனை வெள்ளை பல்பு கேட்டு அலுத்துவிட்டார்.

மற்றபடி அவருடைய சொத்து அந்தப் பலகைதான். ஒரே ஒரு வண்டி அதே கோளாறோடு ஷெட்டு வாசலில் வந்து நின்றால் போதும், சாயங்காலத்துக்குள் எட்டயபுரம் வரைக்கும் லாரி டிரைவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அடுத்த ஷெட் நாலே கிலோமீட்டரில் இருக்கிறது.

திரும்பவும் அருப்புக்கோட்டைக்கே வந்து, வேன்காரர் முஸாஃபர் வீட்டைக் கண்டுபிடித்தேன். முஸாஃபர் பதினோரு வருடம் தோஹாவில் டிரைவராக இருந்தவர். அங்கே கண்ட ஆசையில், ஊருக்கு வந்ததும் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், தண்ணீர்த் தொட்டி, ஃபேன் எல்லாம் வைத்து கேம்பர் வேன் ஆக்கிவிட்டார். ராமேஸ்வரம், கன்னியாகுமரி போகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது திட்டம். அவருடைய வீட்டில் அதை ஓடுற வீடு என்றார்கள். தெருவில் கல்யாண வண்டி என்றார்கள். லோன் கொடுத்த பாங்கில் வணிக வாகனம் என்று எழுதிக்கொண்டார்கள். வேனுக்குப் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று வரும். அதுதான் சமையல்கட்டு.

கோளாறு ஆரம்பித்தது திருச்சுழிக்குப் பக்கத்தில். நிழலுக்காக முஸாஃபர் வேனைப் பின்னால் எடுத்துச் சீமைக்கருவேலம் புதருக்குள் விட, ஒரு கட்டை வேனிலிருந்து டிரெய்லருக்குப் போகும் கேபிளை மாட்டி இழுத்துவிட்டது. சாக்கெட் உடைந்து, ஏழு வயரும் குடல் சரிந்தது போல் வெளியே வந்தன. டிரெய்லரில் ஒரு விளக்கும் இல்லை. வண்டி பந்தல்குடிக்கு வந்தது.

இன்பராஜ் அரை நாளில் புது சாக்கெட் வைத்து முடித்தார். இடது சிக்னல், வலது சிக்னல், பிரேக், பின்விளக்கு, எல்லாம் எரிந்தன. முஸாஃபரின் மனைவி ஷர்மிளா பானு குனிந்து பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணே, அந்த வெள்ளை வயரு மட்டும் சும்மா தொங்குதே?"

"அது எர்த்தும்மா. தேவையில்ல. கொக்கியே எர்த்து."

பக்கத்தில் டிராக்டரோடு நின்ற வெள்ளத்துரை அந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்தாராம். எங்கள் பக்கத்து டிராக்டர் அறிந்தவர்கள் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். பல்புக்குக் கரண்டு வர ஒரு வயர் வேண்டும். வேலை முடிந்து திரும்பிப் போக ஒரு வழி வேண்டும், அதுதான் எர்த். டிராக்டரில் அந்தத் திரும்புகிற வழிக்கு யாரும் வயர் போடுவதில்லை. கொக்கி இரும்பு, டிரெய்லரின் வளையம் இரும்பு. எழுபது மூட்டை லோடு அழுத்துகிற அழுத்தத்தில் கரண்டு போகாமல் எங்கே போகும்?

முஸாஃபரின் டிரெய்லரில் இருந்ததோ சமையல் பாத்திரம். கொக்கியும் தோஹாவில் பார்த்த மாதிரி உருண்டைக் குமிழ். அதில் முஸாஃபர் கை நிறைய கிரீஸ் அப்பி வைத்திருந்தார், கரண்டு அதைத் தாண்டாது. ஷெட்டில் விளக்கு எரிந்ததற்குக் காரணம், பாதுகாப்புக்குப் போட்டிருந்த சங்கிலி வேனின் இரும்பில் உரசிக்கொண்டிருந்ததுதான். ரோட்டில் சங்கிலி குலுங்கியதும் கரண்டுக்குத் திரும்பிப் போக வழி இல்லாமல், கிடைத்த பல்புக்குள் எல்லாம் புகுந்தது. காரியாபட்டிக்கு முன்னால் முஸாஃபர் இடது சிக்னல் போட்டார். டிரெய்லரில் இடது, வலது, பிரேக் மூன்றும் சேர்ந்து கண்ணடித்தன. பின்னால் வந்த பஸ் நின்றது. டிரைவர் இறங்கி வந்தார்.

"பாய், எந்தப் பக்கம் போறதா உத்தேசம்?"

நடந்த விபத்து இவ்வளவுதான். தீ, மோதல் எல்லாம் அந்த பஸ்ஸில் இருந்த ஐம்பது பேர் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டது.

முஸாஃபர் அங்கிருந்தே போன் போட்டிருக்கிறார். "அண்ணாச்சி, நாளைக்கு வண்டியக் கொண்டாரேன்."

"கொண்டாராதீக பாய்," என்றிருக்கிறார் இன்பராஜ். "நான் வாரேன்."

நான் போனபோது அவருடைய கால்கள் மட்டும் வேனுக்கு வெளியே இருந்தன. உள்ளேயிருந்து, "இடது போடுங்க, பிரேக்க மிதிங்க," என்று உத்தரவு வந்துகொண்டிருந்தது. எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தன. பிறகு ஒரு கை நீண்டு சங்கிலியைக் கழற்றியது. மூன்று விளக்கும் சேர்ந்து கண்ணடித்தன. வேனுக்கு அடியிலிருந்து பிளேடால் வயரைச் சீவுகிற சத்தம் கேட்டது.

வெளியே வந்ததும் ஷர்மிளா பானு டீயை நீட்டினார்.

"எதுலண்ணே கோளாறு?"

"சங்கிலி லூசும்மா."

"சங்கிலியா?"

"குலுங்குதுல்ல."

"வெள்ளை வயரயும் கோத்துட்டீக போல."

இன்பராஜ் டீயைக் குடித்து முடித்த பிறகுதான் பதில் சொன்னார். "சும்மா தொங்குதேன்னு கோத்தேன்."

முஸாஃபர் பணம் எடுத்தார். இன்பராஜ் வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவரோடு நடந்தேன்.

"நீங்கள் ஓடிவிட்டதாக மூன்று ஊரில் சொல்கிறார்கள்."

"ஷெட்டுக்கு வண்டி திரும்பி வந்துச்சா?"

"இல்லை."

"பெறகென்ன?"

பலகை அப்படியே இருக்கிறது. இப்போது ஷெட்டுக்கு எந்த டிராக்டர் வந்தாலும் இன்பராஜ் டிரெய்லருக்கு வெள்ளை வயர் கோத்துத்தான் அனுப்புகிறார். "இத்தன வருசமா இல்லாத வயரு இப்ப எதுக்குய்யா?" என்று வெள்ளத்துரை கேட்டதற்கு, "காலம் மாறிருச்சுல்ல," என்று பதில் கிடைத்தது. கூலியில் ஏற்றவில்லை.

ஷர்மிளா பானுவின் கணக்கு வேறு. "காசு அவுக வாங்கல, அது அவுக பெருந்தன்மை. ஆனா எனக்கு அவுககிட்ட இருந்து ஒண்ணு வர வேண்டியிருக்கு," என்றார். "'நீ கேட்டது சரிதாம்மா'ன்னு மூணு வார்த்தை. வட்டியெல்லாம் வேண்டாம்."

அதன் பிறகு இரண்டு தடவை வேன் பந்தல்குடியில் நின்றிருக்கிறது. இரண்டு தடவையும் ஷர்மிளா பானு கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். முதல் தடவை இன்பராஜ், வெயில் ஜாஸ்தி என்றார். இரண்டாம் தடவை ஜன்னல் வரைக்கும் வந்து, ஒரு முறை செருமி, பின் டயரில் காற்றுக் கம்மியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.