கடனுக்காக வாங்கிய குடை

பங்குனி வெயிலில் தவணைக்குக் குடை வாங்கியவன் என்று என்னை அருப்புக்கோட்டையில் இன்றும் சிலர் சொல்வார்கள். வாங்கியது உண்மைதான். ஏன் வாங்கினேன் என்பதை அப்போது வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. ஊருக்கு வெளியே இருந்த நூல் மில்லில் நான் வேலை பார்த்தேன். பத்தாம் வகுப்பு முடித்ததும் உள்ளே போனவன். மெஷின் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவனோடுகூடப் பேச முடியாது. எனக்கு அந்த வேலை பிடித்துப் போனதற்கு அதுவே பெரிய காரணம்.

பாளையம்பட்டியில் குடியிருந்தோம். என் மனைவிக்கு நன்றாகத் தைக்க வரும். ஆனால் சொந்தமாக மெஷின் கிடையாது. தெருக்கோடியில் ஓர் அக்கா வீட்டு மெஷினில் உட்கார்ந்து தைத்து, கூலியில் பாதியை அந்த அக்காவிடமே கொடுத்துவிட்டு வருவாள். "அவுகளுக்கு ஒரு கை, எனக்கு ஒரு கை. முழு ஜாக்கெட்டுக்குக் கூலி வாங்க எனக்கு எப்பத்தான் கொடுத்து வச்சிருக்கோ" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கேட்கிற எனக்குத்தான் சிரிப்பு வராது.

அந்த வருஷம் எங்கள் தெருவில் கடை வைத்திருந்த டெய்லர் பாய்க்கு வளைகுடாவுக்குப் போக விசா வந்தது. அவருடைய கால்மெஷினை ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார்.

"தங்கச்சி கைக்குப் போனா மெஷினுக்கு மரியாதை. ஆனா டிக்கெட்டு வந்துருச்சுன்னா என்னால காத்திருக்க முடியாது. பந்தல்குடிக்காரர் ஒருத்தர் ரொக்கத்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்காரு. சித்திரை முடியறதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க."

வழி என்று எனக்குத் தெரிந்தது சொசைட்டி ஒன்றுதான். மில் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் அது. மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துச் சேமிப்பில் வைப்பார்கள். கடன் வேண்டுமென்றால் இரண்டு உறுப்பினர்களின் ஜாமீனோடு மனுக் கொடுக்க வேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமை டைரக்டர்கள் கூடி, யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்வார்கள். நான் பதினோரு வருஷமாக உறுப்பினர். ஒரு பைசா கடன் வாங்கியதில்லை. அதைவிடப் பெரிய தகுதி என்ன இருக்க முடியும் என்று நினைத்திருந்தேன்.

என் பக்கத்து மெஷினில் வேலை பார்த்த அண்ணன், கடன் விஷயத்தில் மில்லுக்கே ஜோசியர். ஐந்து முறை சொசைட்டியில் கடன் வாங்கியவர். மில் வாசல் டீக்கடையில் உட்கார்ந்து, யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று ரூபாய்க்கு இத்தனை அணா கணக்கில் சொல்லுவார். பதினாறு அணா என்றால் நிச்சயம். அவரிடம் கேட்டேன்.

"இதுக்கு முன்னால எத்தன தடவ வாங்கிருக்க?"

"ஒரு தடவகூட இல்லண்ணே."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப நாலணாதான்."

"பதினோரு வருசமா பணம் போட்டிருக்கேனே!"

"போடத் தெரியும்னு தெரியுது. வாங்கித் திருப்பிக் கட்டத் தெரியுமான்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்? பொண்ணு பாக்கப் போன எடத்துல மாப்பிள்ளை வாயே தொறக்கலைன்னா நல்ல பையன்னா சொல்லுவாக? ஊமையோன்னுதான் நெனைப்பாக."

இருந்தாலும் மனுக் கொடுத்தேன். ஜாமீனுக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாக இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மறுக்கத் தெரியாமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர்களில் இரண்டு பேர் எனக்குப் போட்டார்கள். சங்கத்துச் செயலாளர் என் மனுவை வாங்கினார், அதை வைத்து இரண்டு தடவை விசிறிக்கொண்டார், பிறகு அதைத் தன் டீ கிளாஸுக்கு மூடியாக வைத்தார்.

இதற்கு எத்தனை அணா என்பதில் டீக்கடையில் பெரிய தர்க்கமே நடந்தது. "கை எட்டுற எடத்துல வச்சிருக்காரு, ரெண்டணா கூட்டிக்க" என்றார் அண்ணன். "ஏலே, டீயில ஈ விழுந்தா மூடியத்தானல முதல்ல எடுத்து எறிவாக?" என்றான் இன்னொருவன். கடைசியில் ஓரணா கூட்டி ஐந்தணா என்று முடிவானது.

மிச்ச அணாவுக்கு அண்ணன் ஒரு வழி சொன்னார். "சொசைட்டி கடையில சின்னதா ஏதாவது ஒரு சாமானத் தவணைக்கு வாங்கு. ஒழுங்காக் கட்டு. ஒம்பேருக்கு நேரா கடன்னு ஒரு வரி விழணும். அப்பத்தான் நீ மனுசன்."

சொசைட்டி ஆபீசை ஒட்டியே அந்தக் கடை. சோப்பு, டிபன் பாக்ஸ், பிளாஸ்டிக் வாளி எல்லாம் இருக்கும். குடைகளும் இருந்தன. மழை கொட்டப் போகிறது என்று யார் பேச்சையோ கேட்டு ஒரு டைரக்டர் மதுரையிலிருந்து மூன்று டஜன் கறுப்புக் குடைகளைக் கொள்முதல் செய்திருந்தார். குடைகள் வந்து இறங்கிய நாளிலிருந்து வானம் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷமாக அவை கூரையில் வவ்வால்கள் மாதிரித் தொங்கின. அந்த டைரக்டருக்குக் குடை டைரக்டர் என்றே பெயராகிவிட்டது.

நான் போனது வாளி வாங்க. கடையில் கூட்டம். வாயைத் திறந்து கேட்கக் கூச்சப்பட்டுக் கையை மேலே காட்டினேன். வாளிக்குப் பக்கத்தில் குடை தொங்கியது. கடைக்காரர் கொக்கிக் கம்பை எடுத்து, "குடையாண்ணே? நெசமாவா? குடையா?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கடைக்குள் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இல்லை, வாளி என்று சொல்ல எனக்கு மனமும் வரவில்லை, குரலும் வரவில்லை. நாற்பது ரூபாய். மாதம் ஐந்து ரூபாயாக எட்டுத் தவணை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மனைவி குடையை விரித்துப் பார்த்தாள், மடக்கினாள், மூலையில் சாத்தினாள்.

"வாளின்னா தண்ணியாவது பிடிச்சிருப்பேன். இதுல என்னத்தப் பிடிக்க? குழாயிலயே தண்ணி வரல, வானத்துலருந்தா வரப்போகுது?"

வாங்கியாயிற்று, சும்மா வைப்பானேன் என்று மறுநாளிலிருந்து மில்லுக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தேன். வெயிலுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் மில்லில் ஆண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போவார்களே தவிர, வெயிலுக்குக் குடை பிடிக்க மாட்டார்கள். என்ன விஷயம் என்று கேட்டவர்களிடம் பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து வைத்தேன்.

தப்பு அங்கேதான் நடந்தது. நிறையப் பேசுகிறவன் சிரித்தால் அது சிரிப்பு. பேசாதவன் சிரித்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தமாம்.

"அவன் காரியமில்லாம குடை வாங்குவானா? லோனுக்கு மனுக் கொடுத்திருக்கானாம். செயலாளர் மனுவக் கையிலேயே வச்சிருக்காராம்."

"அப்ப குடை வாங்குனாத்தான் லோனா?"

"நா அப்படிச் சொல்லல. நீயே யோசிச்சுக்க."

யோசித்துக்கொண்டார்கள். கூரை ஓடு மாற்றக் கடன் கேட்டவர் ஒரு குடை வாங்கினார். மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தவர் ஒன்று வாங்கினார். பசுமாடு வாங்க நினைத்தவர், தனக்கும் தன் ஜாமீன்காரருக்கும் சேர்த்து இரண்டாக வாங்கினார். சித்திரை பாதியில் ஷிப்ட் முடிந்து மில் வாசலுக்கு வந்தால், கொளுத்துகிற வெயிலில் கறுப்புக் குடைகள் வரிசையாகப் போயின. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருநாள் ஜோசியர் அண்ணனே கக்கத்தில் குடையோடு வந்தார். அவரும் ஆறாவது கடனுக்கு மனுக் கொடுத்திருந்தார்.

"என்னண்ணே, நீங்களுமா?"

"ரெண்டணா கூடட்டுமேன்னுதான்."

"அப்ப எனக்கு இப்ப எத்தனண்ணே?"

"ஒனக்கா? நீ ஒருத்தன் மட்டும் வச்சிருந்தப்ப எட்டணா வரைக்கும் ஏறுச்சு. இப்ப எல்லாப் பயலும் வச்சிருக்கான். குடைக்கு என்ன மதிப்பு? மறுபடியும் நாலணாதான்."

அந்த வாரமே பாய்க்கு டிக்கெட் வந்துவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை புறப்பாடு. ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் மெஷினை வைத்திருப்பதாகவும், அதற்கு மேல் பந்தல்குடிக்காரர் வண்டியோடு வந்துவிடுவார் என்றும் சொன்னார். சொசைட்டிக் கூட்டம் சனிக்கிழமை. கூட்டம் வரைக்கும் இருந்த நான்கு நாளும் என் மனைவி பாய் கடை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு குழாயடிக்குப் போய் வந்தாள்.

சனிக்கிழமை, மனுக் கொடுத்தவர்கள் எல்லோரும் சொசைட்டி வாசல் வேப்பமரத்தடியில் நின்றோம். எல்லார் கையிலும் குடை. சாதாரணமாகப் பெயர்களை ஒரு தாளில் எழுதி ஒட்டுவார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு உள்ளே இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"உள்ள கூப்பிட்டா ரெண்டே அர்த்தந்தான்டா. ஒண்ணு குடுக்கப் போறாக, இன்னொண்ணு குடுக்கப் போறதில்ல. தைரியமாப் போ."

உள்ளே ஏழு டைரக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர். என் மனு அவர் கையில் இருந்தது. அதில் டீ கிளாஸ் வட்டம் பதிந்திருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"நாப்பது ரூவாக் குடைய ரொக்கத்துல வாங்க முடியல. எட்டுத் தவணை. நீ எப்படிய்யா ஆயிரத்து இருநூறு ரூவாயக் கட்டப் போற?"

சொல்வதற்கு நான்கு வாக்கியங்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. குடைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றேன். மெஷின் பந்தல்குடி வண்டியில் ஏறுவது கண் முன்னால் வந்தது.

"நான் வாளிதாங்க கேட்டேன்" என்றேன்.

"என்னது?"

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. கையைக் காட்டியது, கடைக்காரர் சந்தோஷப்பட்டது, கையில் காசு இருந்தும் கட்டத் தெரிந்தவன் என்று காட்டுவதற்காகத் தவணையில் வாங்கியது, பாதிக் கூலி, பாய், ஞாயிறு சாயங்காலம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த குடை டைரக்டர்தான் முதலில் சிரித்தார்.

"தலைவரே, ரெண்டு வருசமா ஒவ்வொரு கூட்டத்துலயும் குடை என்னாச்சு, குடை என்னாச்சுன்னு என் மானத்த வாங்குனீகள்ல? இன்னைக்குக் கடையில ஒரு குடை இல்ல. எல்லாம் இந்த மனுசன் புண்ணியம்."

"அதுக்காக லோன் குடுக்கச் சொல்றீகளா?"

"அதுக்காக இல்ல. வாளி வாங்க வந்தவன், வேண்டாம்னு சொல்லக் கூச்சப்பட்டுக் குடை வாங்கிட்டுப் போயிருக்கான். இவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தவணை கட்டாம நம்ம முன்னால நடமாடுவான்? வாயாடிகளுக்குக் குடுத்துட்டு நாமதான் வீடு வீடா அலையுறோம். இந்த மாதிரி ஆளுக்குத்தான்யா குடுக்கணும்."

தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மனுவில் கையெழுத்துப் போட்டார். என் கூச்சத்துக்கு யாரோ மதிப்புப் போட்டது அன்றைக்குத்தான்.

வெளியே ஒட்டிய தாளில் ஜோசியர் அண்ணன் பெயர் இல்லை. ஐந்தாவது கடனில் இரண்டு தவணை பாக்கி இருந்ததாம். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் சாதாரணமாகக் குடையை விரித்தார். "எனக்கு எப்பவுமே பதினஞ்சரை அணா. அந்த அரையணாதான் தகராறு" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

ஞாயிறு காலையில் மெஷின் வீட்டுக்கு வந்தது. பாயே கூட வந்து எண்ணெய் விட்டு, மெஷின் மேல் ஒருதரம் கையை வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே ஒரு ஜாக்கெட் தைத்து முடித்துக் கூலி வாங்கி வந்த மனைவி, காசை என் முன்னால் வைத்து, "எண்ணிப் பாருங்க. பூராவும் எனக்குத்தான்" என்றாள்.

அந்த ஐப்பசியில் உண்மையிலேயே மழை பெய்தது. மில்லில் முப்பத்தாறு பேரிடம் ஒரே அச்சில் கறுப்புக் குடை. ஷிப்ட் முடியும்போது எவன் குடை எவனுடையது என்று தினமும் சண்டை. என் மனைவி குடை ஓரத்தில் வண்ணத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். ஒரு குடைக்கு ஐம்பது பைசா. அண்ணன் குடைக்குச் சிவப்பு, காசு வாங்கவில்லை.

மாதக் கடைசியில் குடையின் எட்டாவது தவணையைக் கட்டப் போனேன். கடையில் அன்றைக்கும் கூட்டம். கடைக்காரர் கொக்கிக் கம்போடு, "அடுத்து என்னண்ணே?" என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "வாளி" என்றேன். "ரொக்கம்."

மறுநாள் டீக்கடையில் என் காதுபடவே ஒருவன் இன்னொருவனிடம் கேட்டான்.

"ஏலே, இந்த வருசம் லோனுக்கு வாளியாம்ல?"