கீழே இறக்கிய ஏர் ஃபில்டர்

கடலூர் துறைமுகத்துப் பக்கம் மீன்பிடி போட்டுகளுக்கு என்ஜின் ஸ்பேர் விற்கும் கடை வைத்திருக்கிறேன். தேவனாம்பட்டினத்து மீனவர்கள் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். "காத்து இழுக்கற வாய ஒசரமா வைங்க. ஒரு மடக்கு தண்ணி உள்ள போனாலும் என்ஜின் காலி" என்று நாளைக்கு நாலு பேருக்காவது புத்தி சொல்லுவேன். ஊருக்கெல்லாம் சொன்ன அந்தப் புத்தியை எனக்கு மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. அதனால் என் லாத்தா பட்டதை நினைத்தால் இப்போதும் கூசிப்போகிறது.

லாத்தா என்றால் எங்கள் வீடுகளில் அக்கா. அவளுடைய கணவர், என் மச்சான், சவூதியில் வேலை பார்க்கிறார்; லாத்தா எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு லீவில் வந்தபோது சென்னையில் யாரிடமோ ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஆசைப்பட்டு வாங்கினார். சிவப்பு வண்டி, இரண்டே கதவு, தரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். பின் சீட்டில் ஒரு குழந்தை உட்காரலாம், அவ்வளவுதான். திரும்பிப் போகும்போது சாவியை என் கையில் கொடுத்து, "மாப்புள, வாரத்துக்கு ஒருவாட்டி எடுத்து ஓட்டு. வேற எதுலயும் கை வெச்சிராத" என்றார். அவருக்கு என்னைப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அந்த வருஷம்தான் லாத்தாவுக்குச் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. நாலு வயது மகளையும் அங்கேயே எல்கேஜியில் சேர்த்தாள். சின்னப் பிள்ளையோடு பஸ்ஸில் இடிபட முடியாது, காரை நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். அவள் மாமியார் வீட்டில் ஒரே கூச்சல். அவ்வளவு தூரம் பொம்பளை தனியாக வண்டி ஓட்டுவதாவது என்று. லாத்தா விடவில்லை. இரண்டு வாரம் போனில் மச்சானோடு மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கினாள். ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். ஒரே மாதத்தில் என்னைவிட நிதானமாக ஓட்டினாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டி, பின்னால் மகள் பாட்டுப் பாட, தினமும் போய் வந்துகொண்டிருந்தாள். அப்படியொரு சந்தோஷத்தை அவள் முகத்தில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை எனக்குக் கடை லீவு. லாத்தாவுக்கும் ஏதோ விடுமுறை, வண்டி வீட்டில் நின்றது. சும்மா இருக்க முடிகிறதா எனக்கு? என்ஜின் சூட்டிலேயே காற்றை இழுத்தால் இழுவை குறையும், குளிர்ந்த காற்று கிடைத்தால் வண்டி பறக்கும் என்று போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் இழுவையெல்லாம் ஒரு சாக்கு. ஆக்சிலேட்டரை மிதித்தால் தொண்டையிலிருந்து வருகிற மாதிரி ஒரு உறுமல் வரும் என்றார்கள். அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டேன்.

வண்டியோடு வந்த ஏர் ஃபில்டர் பெட்டி ஹெட்லைட்டுக்கு மேலே, நல்ல உயரத்தில் இருந்தது. அதைக் கழற்றிப் பரணில் போட்டேன். கடையிலிருந்து அலுமினியக் குழாய் ஒன்றை வளைத்து எடுத்துவந்து, முன் பம்பருக்குப் பின்னால் கீழே இறக்கி, அதன் நுனியில் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரை மாட்டினேன். தரையிலிருந்து ஒரு ஜாண் இருக்கும். ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினேன்.

மறுநாள் சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் பெருமையாகக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "பாய், சத்தம் சூப்பரா கீது. ஆனா கீழ வெச்சிட்டீங்களே? ஐப்பசி மழையில இது தண்ணி குடிக்குமே" என்றார்.

"மழையில நான் எடுக்கவே மாட்டேண்ணே" என்றேன்.

நான் எடுக்கமாட்டேன். சரி, தினமும் எடுக்கிறவள் யார்? அந்தக் கேள்வி அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. லாத்தா மட்டும், "என்னடா, வண்டி ஜாஸ்தியா கத்துது?" என்று கேட்டாள். சர்வீஸ் செய்தேன், அப்படித்தான் இருக்கும் என்றேன். அவளிடம் சொன்னால் மச்சான் காதுக்குப் போய்விடுமே என்ற பயம்.

மழை தொடங்கிய பிறகு ஒரு காலை. தூறிக்கொண்டிருந்தது. நான் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். லாத்தா மகளைப் பின் சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டு, "வரேன்டா" என்று கிளம்பினாள். எங்காவது தண்ணீர் நின்றால் இறங்காதே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஏன் என்று கேட்பாள். கேட்டால் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் டீயைக் குடித்து முடித்தேன்.

சாயங்காலம் லாத்தாவிடமிருந்து போன் வந்தது. பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும்போது, சிதம்பரம் தாண்டியதுமே ரோட்டில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். பஸ் போனது, ஆட்டோ போனது, முன்னால் இரண்டு கார் போனது. இவளும் மெதுவாக இறக்கியிருக்கிறாள். பாதியில் 'டக்'கென்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. திரும்பத் திரும்பச் சாவியைத் திருகியிருக்கிறாள். கதவு இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே ஏற, மகள் அலற, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்க, டீக்கடையில் நின்ற இரண்டு பேர்தான் ஓடிவந்து பிள்ளையைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்திருக்கிறார்கள்.

நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது டீக்கடை பெஞ்சில் மகளை மடியில் வைத்துக்கொண்டு நனைந்து உட்கார்ந்திருந்தாள். "எல்லா வண்டியும் போச்சுடா. நம்ம வண்டி மட்டும் நின்னுபோச்சு. நான் என்னாடா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "தண்ணியில ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்திருப்ப லாத்தா. எடுத்தா சைலன்சர் வழியா தண்ணி ஏறிடும்."

"பாப்பா அழுதா. திரும்பிப் பாத்தேன். அப்பதான் கால எடுத்திருப்பேன் போல" என்றாள்.

"அதான்" என்றேன். அந்த ஒரு வார்த்தையை எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. சே, நானெல்லாம் ஒரு மனுஷன்.

வண்டியை அந்த மெக்கானிக் பட்டறைக்குத்தான் இழுத்துப் போனோம். உள்ளே கனெக்டிங் ராடு வளைந்து என்ஜின் முடிந்துவிட்டது. மச்சான் வீடியோ காலில் வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். நான் விடிந்ததும் பரணிலிருந்து பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். குழாயைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மாட்டச் சொன்னேன். மெக்கானிக் ஸ்பானரைக் கையில் எடுக்கவே இல்லை. "பாய், நீங்களே மாட்டிக்கோங்க. எனக்கு வேற வேல கீது" என்று வெளியே போய்விட்டார். நானே மாட்டினேன். நாலு போல்ட்டு. பிறகு லாத்தா வந்தாள். கேமராவுக்கு முன்னால் பானெட்டைத் திறந்து காட்டினேன். எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது.

லாத்தா என் பக்கத்தில் நின்று, "தப்பு எம்மேலதாங்க. மன்னிச்சுக்குங்க" என்று அழுதாள். மச்சான் திட்டவில்லை. "வுடு, புள்ள நல்லா இருக்குல்ல? இனிமே நீ ஓட்ட வேணாம்" என்றார். என்னைப் பார்த்து, "ஒன்ன நம்பிக் குடுத்தேன், நீ நல்லாத்தான் பாத்துக்கிட்ட மாப்புள" என்றார். நான் தலையாட்டினேன்.

அதோடு லாத்தா ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மாமியார் வீட்டில், நாங்கள் அப்போதே சொன்னோமே என்றார்கள். நாலு வருஷமாகக் காலையில் ஏழு மணி பஸ்ஸில் மகளோடு இடிபட்டுக்கொண்டு போகிறாள். மச்சான் போன லீவில் வந்தபோது புது வண்டி வாங்கித் தருகிறேன் என்றதற்கும், "வேணாங்க, எனக்கு வராது" என்று சொல்லிவிட்டாள். நான் பக்கத்து அறையில் நியூஸ் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தேன்.

இந்த மழைக்கு, போன மாதம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லாத்தா போன் செய்தாள். அவளுக்குப் பரீட்சை டியூட்டி. என்னுடைய காரை எடுத்துக்கொண்டு போனேன். ஏறும்போது பிள்ளை கதவில் விரலை நசுக்கிக்கொண்டாள். நகம் கறுத்துப்போனது. வாயை இன்னொரு கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சத்தமே இல்லை.

"அழுடா செல்லம். வலிச்சா அழணும்" என்றேன்.

கையை எடுக்காமலே மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். புதுச்சத்திரம் வந்து வலி கொஞ்சம் அடங்கிய பிறகுதான் பேசினாள். "வண்டியில அழக் கூடாது மாமா. நான் அழுதா வண்டி நின்னுடும். சின்ன வயசுல அப்படித்தான் நின்னுச்சு. உம்மா சொல்லிருக்காங்க."

ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். வண்டி நின்றதும் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "நான் அழலையே மாமா" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் லாத்தா பஸ்ஸை விட்டு இறங்கி வந்து பர்தாவைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், மெக்கானிக் சொன்னது, சைலன்சர் கதை, நாலு போல்ட்டு எல்லாம். கன்னத்தில் ஒன்று விடுவாள் என்று எதிர்பார்த்தேன், விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோவத்துல எத்தன வாட்டி அவகிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமாடா? ஒன்னாலதான் அன்னைக்கு வண்டி நின்னுச்சுன்னு. எத்தன வாட்டி."

மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினாள். "எங்கிட்ட அப்புறம் கேளு. மச்சான்கிட்டயும் அப்புறம் சொல்லு. மொதல்ல அவகிட்ட சொல்லு."

காய்ச்சலோடு படுத்திருந்த பிள்ளையை எழுப்பிக் கூட்டிவந்து என் எதிரில் உட்காரவைத்தாள். எட்டு வயதுப் பிள்ளையிடம் ஏர் ஃபில்டரைப் பற்றி எப்படிச் சொல்வது? மாமா வண்டியில் ஒரு கெட்ட வேலை செய்துவிட்டேன், அதனால்தான் தண்ணீர் உள்ளே போய் வண்டி நின்றது, பயத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் அழுததால இல்லையா மாமா?"

இல்லை என்றேன். குரல் எழும்பவில்லை.

"கேக்கல. அவளுக்குக் கேக்கற மாதிரி சொல்லு" என்றாள் லாத்தா.