ஆடியில் கேட்ட விசா

என் தங்கை சந்திரகலாவுக்குப் பொய் சொல்ல வராது. பெரிய மார்க்கெட் பக்கத்து ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபோது, "இது சாயம் போவும்க்கா, வேற எடுங்க" என்று வந்தவர்களிடமே சொல்லி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். அப்படிப்பட்டவளைத்தான், விசாவுக்காகக் கழுத்தை நீட்டியவள் என்று விசா ஆபீஸில் எழுதி அனுப்பினார்கள்.

2005 ஆனியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கோபிநாத். அவன் அப்பா சொல்தா, அதாவது சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். குடும்பம் முழுக்க பிரெஞ்சுக் குடியுரிமை. கோபிநாத்துக்கு வேலை குவாதலூப் தீவில், ஓர் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில். பிரான்ஸுக்குச் சொந்தமான தீவாம், கரீபியன் கடலில் எங்கோ இருக்கிறது. லீவில் வந்து தாலி கட்டினான். மேரிக்கு, அதான் முனிசிபாலிட்டி ஆபீஸுக்குப் போய்க் கல்யாணத்தைப் பதிந்து, பெண்டாட்டி அங்கே வந்து வாழ விசா கேட்டு எழுதிப் போட்டான். இவளும் கடை வேலையை விட்டுவிட்டாள்.

ஆடி பிறந்தது. ஊர் வழக்கப்படி அவளைப் பிள்ளைச்சாவடிக்கு, எங்கள் அம்மா வீட்டுக்கு அழைத்துவந்தோம். "ஆடி முடியிற வரைக்கும் ரெண்டு பேரும் பாத்துக்கக் கூடாது" என்று கறாராகச் சொன்னவளே கோபிநாத்தின் அம்மாதான். பென்ஷன் பிரான்ஸிலிருந்து வந்தால் என்ன, ஆடி ஆடிதானே.

அந்த ஆடியில் பார்த்து விசா ஆபீஸில் இருவரையும் கூப்பிட்டார்கள். தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒரே கேள்விகள். நேற்று வீட்டில் என்ன சாப்பாடு, யார் சமைத்தது என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள்.

"நான் எங்க அம்மா வீட்ல இருக்கேன். அவங்க என்ன சாப்ட்டாங்கன்னு எனக்குத் தெரியாது" என்று இவள் உள்ளதைச் சொன்னாள். அவனோ, பெண்டாட்டிதான் வஞ்சிர மீன் குழம்பு வைத்தாள், சேர்ந்து சாப்பிட்டோம் என்று பிரெஞ்சில் அளந்துவிட்டிருக்கிறான்.

வெளியே வந்ததும் அவனே இதைச் சொல்லவும், அவள் விடவில்லை. "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"ஆடி கீடின்னா வெள்ளைக்காரன் சிரிப்பான். நம்மளக் காட்டுமிராண்டின்னு நெனைப்பான்."

"திரும்பப் போயி உண்மையச் சொல்லிட்டு வந்துடுங்க."

"ஒண்ணும் ஆவாது, நீ ஒங்க அம்மா வீட்டுக்குப் போ" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

லீவு முடிந்து அவன் தீவுக்குப் போன பிறகு பதில் வந்தது. இருவரும் சேர்ந்து வாழவில்லை, இது உண்மையான திருமணமாகத் தெரியவில்லை, விசா கிடையாது. தெருவில் போகிறவர் வருகிறவரெல்லாம், "இன்னும் போவலியா?" என்று அவளைக் குடைந்தார்கள். மாமியார்க்காரி, "வாயத் தொறந்து கெடுத்துட்டா" என்றாள். யார் வாய் கெடுத்தது? பொய் சொன்னது மகன், பழி மருமகள் தலையில்.

மறுபடியும் எழுதிக் கேட்டோம். திரும்பக் கூப்பிட்டார்கள். இதுவும் போனால் அவள் கதி அவ்வளவுதான் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். கோபிநாத் போன் செய்தான். "பயத்துல ஒளறிட்டேன்னு சொல்லு. அன்னிக்கு ஒண்ணாத்தான் இருந்தோம்னு ஒரே ஒரு வார்த்த."

நான் போனைப் பிடுங்கினேன். "ஒளறினது நீங்கதானே தம்பி? நீங்க எழுதிக் குடுங்களேன்." போனை வைத்துவிட்டான்.

இந்த முறை துணைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க விர்ஜினி என்ற அம்மாள், நம் ஊர்க்காரிதான், முதல் தடவையும் சந்திரகலாவுக்கு மொழிபெயர்த்தவள். சந்திரகலா சுற்றி வளைக்கவில்லை.

"என் வீட்டுக்காரர் அன்னிக்குப் பொய் சொன்னாரு. எங்க வழக்கத்தச் சொல்ல வெக்கப்பட்டுச் சொன்னாரு. புதுசா கட்டினவங்க ஆடி மாசம் பிரிஞ்சிதான் இருப்பாங்க. நெசமான கல்யாணம், அதனாலதான் என்ன அம்மா வீட்டுக்கு அனுப்புனாங்க. பொய்க் கல்யாணத்துக்கு யாரு ஆடி பாப்பாங்க?"

விர்ஜினி தலைநிமிராமல் மொழிபெயர்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்க முடியவில்லை. "ஏம்மா, நீங்களும் இந்த ஊருதானே. ஆடின்னா என்னான்னு அன்னிக்கே இவருக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"பேசறத மாத்திச் சொல்றதுதான் என் வேல. வெளக்கம் குடுக்கறது இல்ல."

அதிகாரி இப்போது விர்ஜினியையே ஏதோ கேட்டார். அவள் தயங்கினாள். பிறகு பிரெஞ்சில் நெடுநேரம் பேசினாள். ஆடி என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. நடுவே ஒருமுறை, தானும் ஆடிக்குப் பிரிந்திருந்தவள்தான் என்பதுபோல், தன்னையும் கைகாட்டிக்கொண்டாள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

விசா வந்த அன்று கோபிநாத் போனில் சந்தோஷத்தில் குதித்தான். "நான் சொல்லச் சொன்னத அப்படியே சொன்னியா?"

"இல்ல. நீங்க பொய் சொன்னீங்கன்னு சொன்னேன்."

"வெள்ளைக்காரன் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே" என்றான்.

"விசா வந்துருச்சி" என்றாள் சந்திரகலா. "டிக்கெட் போடறீங்களா, இல்ல ஒங்க மானத்தோடயே அங்க குடித்தனம் பண்றீங்களா?"